வெர்டன் மண்: குண்டு விழுந்த இடமும் குண்டை எரித்த இடமும்

முதல் உலகப் போரில், பிரான்சின் வடகிழக்கில் வெர்டன் நகரைச் சுற்றி பிரெஞ்சு, ஜெர்மன் படைகளுக்கிடையே 1916-ல் பத்து மாதம் நடந்த பீரங்கிச் சண்டை, அங்கிருந்த மண்ணை அடியோடு புரட்டிப் போட்டது. அந்த நிலத்தை என்ன செய்வது என்று போர் முடிந்தபின் மூன்று முடிவுகள் எடுத்தார்கள். அவற்றால் மண் என்ன ஆனது என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வு. முடிவெடுத்த அதிகாரிகள், மரம் நட்ட வனத்துறையினர், பின்னால் வந்து தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள் என யாருடைய பெயரும் இதற்குத் தேவைப்படவில்லை.

இதைப் படிக்கத் தொடங்கியபோது, அதிகக் குண்டு விழுந்த இடத்தில்தான் மண் மிக மோசமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை.

போருக்கு முன்

வெர்டனைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்துக்கு அடியில் இருப்பது ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல். அதன் மேல் மண் கொஞ்சம்தான். பல இடங்களில் ஒரு முழம் தோண்டுவதற்குள் மண்வெட்டி கல்லில் இடிக்கும். கிழக்கே இறங்கினால் வோவ்ர் சமவெளி. அங்கே கதை வேறு: கனத்த களிமண், தண்ணீர் லேசில் வடியாது.

சுண்ணாம்புக்கல்லின் மேல் மண் மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மழைநீர் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிக் கல்லைக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு தண்ணீரோடு போய்விடும். கல்லுக்குள் அழுக்குப்போலக் கலந்திருந்த சிறிதளவு களியும் வண்டலும்தான் மண்ணாக மிஞ்சும். நூறு பங்கு கல் கரைந்தால் கைக்கு வருவது சில பங்குதான். கல்லிலிருந்து நேரடியாக ஒரு சாண் மண் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அந்த மெல்லிய மண்ணை நம்பித்தான் ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, சரிவுகளில் காடுகள் இருந்தன.

1916: மண்ணுக்கு என்ன நடந்தது

சண்டை பிப்ரவரி 21-ல் தொடங்கி டிசம்பர் 18-ல் முடிந்தது. தொடக்கக் குண்டுமழை மட்டும் சுமார் பத்து மணி நேரம் நீடித்தது. இறந்தவர்கள், காயமுற்றவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாரையும் சேர்த்தால் இரு தரப்பிலும் ஏறத்தாழ 7 லட்சம் பேர். வெர்டனைச் சுற்றி ஒன்பது ஊர்கள் அழிந்தன. ஃப்ளெரி என்ற ஊர் பதினாறு முறை கைமாறியதாகச் சொல்வார்கள். அதற்குள் ‘ஊர்’ என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

இதெல்லாம் வரலாற்றுப் புத்தகங்களில் இருப்பது. மண் பக்கமிருந்து பார்ப்போம்.

ஒரு பீரங்கிக் குண்டு மண்ணுக்குள் புகுந்து வெடிக்கும்போது அது குழி மட்டும் பறிப்பதில்லை. உள்ளே இருந்ததை மேலே வீசி, குழியைச் சுற்றி ஒரு வரப்புப் போலக் குவிக்கிறது. அடுக்கு மாறிவிடுகிறது: அடியில் இருந்த வெள்ளைக் கல் சில்லுகள் மேலே வருகின்றன, மேலே இருந்த கருமண் அதற்குக் கீழே போகிறது. அதே இடத்தில் அடுத்த குண்டு விழுந்தால் அந்தக் கலவை இன்னொரு முறை கலங்கும். மண் மெல்லியதாக இருந்ததால் சின்னக் குண்டுகூட பாறையைத் தொட்டது. பெரிய குண்டுகள் பாறையையே நொறுக்கின. சண்டையின் முடிவில் அங்கே இருந்தது பழைய மண், கல் சில்லு, இரும்புத் துண்டு, ஈய உருண்டை, செப்பு, மனித உடல் எல்லாம் கலந்த ஒரு புதுப் பொருள்.

மரம் சாயும்போது வேர் மண்ணைப் புரட்டுவதும், எலியும் கறையானும் மண்ணைக் கலப்பதும் மண்ணியலில் பழைய பாடம். குண்டுகள் செய்யும் கலப்புக்கு ஒரு தனிப் பெயர் வேண்டும் என்று 2006-ல்தான் இரண்டு அமெரிக்கப் புவியியலாளர்கள் எழுதினார்கள். அவர்கள் வைத்த பெயர் ‘பாம்டர்பேஷன்’. தமிழில் குண்டுக்கலப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். எழுதுவதற்கு வெர்டனையே முக்கிய இடமாக எடுத்துக்கொண்டார்கள்.

முதல் முடிவு: திரும்ப உழ வேண்டாம்

போர் முடிந்ததும் அரசு சேதமடைந்த நிலங்களை வகை பிரித்தது. செலவு செய்து சீராக்கினால் பயன்படும் என்ற நிலங்கள் ஒரு பக்கம். சீராக்கும் செலவு நிலத்தின் விலையைத் தாண்டும் என்ற நிலங்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகைக்குச் சிவப்பு மண்டலம் என்று பெயர். வடக்கு, கிழக்கு பிரான்சில் முதலில் சுமார் 1,200 சதுர கிலோமீட்டர் இப்படிக் குறிக்கப்பட்டது.

கணக்கு நேரடியானது: குழிகளை நிரப்ப வேண்டும், வெடிக்காத குண்டுகளை எடுக்க வேண்டும், உடல்களை எடுக்க வேண்டும், முள்கம்பியை எடுக்க வேண்டும். அதன்பின் மிஞ்சுவது கல் கலந்த மெல்லிய மண். யாருக்கு லாபம்? அரசே நிலத்தை வாங்கிக்கொள்வது என்று முடிவானது.

எல்லாரும் அதை ஏற்கவில்லை. விவசாயிகள் திரும்பி வர விரும்பினார்கள். 1920-களில் சிவப்பு மண்டலம் வேகமாகச் சுருங்கியது. பல இடங்களில் குழிகளை மூடி உழத் தொடங்கினார்கள். அப்படி நிரவிய வயல்களில் குண்டுக்கலப்பு மறைந்துவிட்டது, ஆனால் போய்விடவில்லை. வடக்கே சோம் பகுதியின் சுண்ண மண்ணில், பழைய பதுங்குகுழிகளின் கோடுகள் உழுத வயலில் வெளுப்பாகத் தெரிவதை வானத்திலிருந்து எடுத்த படங்களில் பார்க்கலாம்.

வெர்டனின் நடுப்பகுதி மட்டும் மூடப்படாமலே கிடந்தது. நிரவ ஆள் இல்லை, பணம் இல்லை, அதற்கும் மேலாக மண்ணுக்குள் கிடந்தவர்கள் இருந்தார்கள். டூவோமோனில் உள்ள எலும்பு மாடத்தில் அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 வீரர்களின் எலும்புகள் இருக்கின்றன. எடுக்கப்படாதவர்கள் இன்னும் அந்த மண்ணில்தான். குழிகளைத் தொடாமல் விட்டதற்குக் காரணம் மண்ணியல் இல்லை. ஆனாலும் பிற்பாடு மண்ணைப் படிக்க வந்தவர்களுக்கு அதுதான் கைகொடுத்தது.

இரண்டாம் முடிவு: பைன் நடலாம்

நிலத்தை வாங்கியாயிற்று. சும்மா விடுவதா? காடாக்குவது என்று முடிவு செய்தார்கள். 1920-களின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேரில் சுமார் 3.6 கோடி கன்றுகள் நடப்பட்டன. பெரும்பாலும் ஊசியிலை மரங்கள்: கறுப்புப் பைன், ஸ்காட்ஸ் பைன், ஸ்ப்ரூஸ்.

அந்தக் காலத்து வனத்துறையினர் ஏன் பைனை எடுத்தார்கள் என்பது புரிகிறது. கறுப்புப் பைன் சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், நிழல் இல்லாத திறந்த வெளியில் நேராக எழும்பும். அந்த மேட்டில் இயல்பாக வளர வேண்டிய, அகன்ற இலையுள்ள பீச் (beech) மரக் கன்றுக்கு இளமையில் நிழல் வேண்டும். வெட்ட வெளியில், கல் சில்லின் மேல், உறைபனியில் பீச்சை நேரடியாக நடுவது வீண் வேலையாக இருந்திருக்கும். பைன் முதலில் நிழல் தரட்டும், பிறகு பீச் வரட்டும் என்பது அன்றைய நியாயம். பிந்தைய பத்தாண்டுகளில் அப்படியே பைனை வெட்டிப் பீச் காடாக மாற்றும் வேலையும் நடந்தது.

மண்ணுக்கு இதனால் என்ன? ஊசியிலைச் சருகு மெல்ல மட்கும், அமிலத்தன்மை உள்ளது. சாதாரண மணற்பாங்கான மண்ணில் அது மேலே பாய்போலக் கிடந்து மண்ணைப் புளிக்க வைத்துவிடும். வெர்டனில் குண்டு வெடித்துத் தூளாக்கிய சுண்ணாம்பு மேற்பரப்பு முழுக்கச் சிதறிக் கிடந்தது. அமிலம் வர வர அது சரிக்கட்டும். மண்ணைக் கெடுத்த அதே வெடிப்பு, மண்புழுக்கள் வாழக்கூடிய அளவுக்கு அதைப் புளிப்பில்லாமலும் வைத்திருந்தது.

மூன்றாம் முடிவு: ஒரே இடத்தில் எரித்துவிடலாம்

வெடிக்காத குண்டுகளில் வேதிக் குண்டுகளும் இருந்தன. ஜெர்மன் தரப்பின் ‘நீலச் சிலுவை’ குண்டுகளில் ஆர்சனிக் சேர்ந்த வேதிப்பொருள்கள் இருந்தன. எதிரியைத் தும்மவும் வாந்தி எடுக்கவும் வைத்து, முகமூடியைக் கழற்றச் செய்வதற்கானவை அவை. இவற்றை என்ன செய்வது?

வெர்டனுக்கு வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள ஸ்பாங்கூர் காட்டில் ஒரு திறந்த இடம் இதற்கு ஒதுக்கப்பட்டது. 1928-ல் சுமார் 2 லட்சம் வேதிக் குண்டுகள் அங்கே எரிக்கப்பட்டன. அந்த இடத்துக்கு ‘பிளாஸ் அ காஸ்’, அதாவது வாயுத் திடல் என்று பெயர்.

அன்றைய நோக்கில் இது பொறுப்பான வேலைதான். ஊரிலிருந்து தள்ளிக் காட்டுக்குள், ஒரே இடத்தில், நெருப்பில். கரிமச் சேர்மம் எரிந்தால் நஞ்சு போய்விடும் என்பது பாதி உண்மை. ஆர்சனிக் ஒரு தனிமம். தனிமத்தை எரித்து அழிக்க முடியாது. கொஞ்சம் புகையோடு போகும், மற்றது சாம்பலோடு அங்கேயே தங்கும்.

எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து

குண்டுக்கலப்பு என்ற பெயரை வைத்த அதே ஆய்வாளர்கள், சண்டை முடிந்து 88 ஆண்டுகளில் அந்த மண் என்ன ஆனது என்று பார்த்தார்கள். அவர்களின் முடிவுகள் 2008-ல் வெளிவந்தன.

இப்படிப்பட்ட காட்டில் மண்வெட்டியை எங்கே வைப்பது என்பதே ஒரு பெரிய முடிவு. அதைவிடப் பெரிய சிக்கல் ஒப்பிடுவது. போருக்கு முன் இருந்த மண்ணின் மாதிரி யாரிடமும் இல்லை. 1919-ல் யாரும் எடுத்து வைக்கவும் இல்லை. ஆகவே ‘முன்பு, பின்பு’ என்று ஒப்பிட வழியில்லை. அருகருகே உள்ள இடங்களை, குழி விழுந்ததையும் அவ்வளவாக விழாததையும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டியிருந்தது.

தெரிந்தது இது. புது மண் உருவாவது பெரும்பாலும் குழிகளின் அடியில். சருகு காற்றில் உருண்டு அங்கே விழுகிறது. விளிம்பிலிருந்து மழையில் அரித்து வரும் நுண்மண்ணும் அங்கேதான் இறங்குகிறது. ஈரம் அங்கே நிற்கிறது. ஈரமும் உணவும் உள்ள இடத்துக்கு மண்புழு வருகிறது. சருகு சேர்ந்து மட்குவது, புழு அதை மண்ணோடு கலப்பது என்ற இரண்டும்தான் இதுவரை நடந்த மண்ணாக்கத்தின் முக்கிய வேலை. குழியின் அடியில் கருத்த மேல்மண் தடிமனாகச் சேர்ந்துகொண்டிருக்க, சில அடி தள்ளி உள்ள விளிம்பில் கல் சில்லும் கொஞ்சம் சருகும்தான்.

1941-ல் ஹான்ஸ் ஜென்னி என்ற மண்ணியலாளர் மண் உருவாவதற்கு ஐந்து காரணிகளைச் சொன்னார்: தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், மூலப்பொருள், காலம். வெர்டனில் தட்பவெப்பத்தைத் தவிர மற்ற நான்கையும் பீரங்கி மாற்றிவிட்டது. ஏற்ற இறக்கம் முன்பு மலைச்சரிவு அளவில் இருந்தது. இப்போது ஐந்து மீட்டருக்கு ஒருமுறை. மூலப்பொருள் முன்பு கெட்டிப் பாறை. இப்போது நொறுங்கிய கல்லும் பழைய மண்ணும் சேர்ந்த கலவை. வயலும் பழைய காடும் போய்ப் பைன் காடு வந்தது. காலம் சுழியிலிருந்து தொடங்கியது.

இல்லை, சுழியிலிருந்து என்று சொன்னது அவ்வளவு சரியில்லை. அங்கேதான் என் எதிர்பார்ப்பும் தவறியது. சுண்ணாம்புக்கல்லில் ஒரு சாண் மண் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்றால் 88 ஆண்டில் எதுவும் நடந்திருக்கக் கூடாது அல்லவா? ஆனால் வெர்டன் மண் வெறும் பாறையிலிருந்து தொடங்கவில்லை. பழைய மண்ணின் களியும் வண்டலும் வெடித்துச் சிதறினாலும் அந்தக் கலவைக்குள்ளேயே இருந்தன. போர் அவற்றை அழிக்கவில்லை, இடம் மாற்றிவிட்டது. மழையும் காற்றும் புழுவும் அந்தப் பழைய மண்ணைக் குழிகளுக்குள் மறுபடி சேர்த்தன. வேகத்துக்குக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

தண்ணீரும் வழி மாறியது. பாறை வெடித்த குழிகளில் பிளவு வழியாக நீர் கீழே இறங்குகிறது. நுண்மண் படிந்து அடி அடைபட்ட குழிகளில் நீர் தேங்கிக் குட்டையாகிவிடுகிறது. அப்படிப்பட்ட குட்டைகளில் மஞ்சள் வயிற்றுத் தேரை என்ற அரிய உயிர் இனப்பெருக்கம் செய்கிறது. குட்டைகளுக்காகவே அந்தக் காட்டின் ஒரு பகுதிக்கு இயற்கைப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது.

ஆனால் இதைக் ‘குணமாகிவிட்டது’ என்று எழுதுவது தவறு. பழைய மண் திரும்பவில்லை. ஒரே சரிவில் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்த மண்ணுக்குப் பதிலாக, அடுத்தடுத்து நிற்கும் ஆயிரக்கணக்கான சிறு மண்கள் வந்திருக்கின்றன. குழியின் மண் ஒரு பாதையில் போகிறது, விளிம்பின் மண் வேறொரு பாதையில். காலம் ஆக ஆக இரண்டும் ஒன்றாகும் என்பதற்கு இப்போது அறிகுறி இல்லை. குழியில் நீர் அதிகம் இறங்குவதால் அங்கே கல் கரைவதும் அதிகமாகும், வித்தியாசம் கூடவே செய்யும்.

எரித்த இடத்தில்

இனி ஸ்பாங்கூர் காட்டுக்கு வருவோம். அங்கே மண்ணை ஆராய்ந்தவர்கள் வேறு ஒரு குழு. அவர்களின் முடிவுகள் 2007-ல் வந்தன.

எரித்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆகியும் திடலின் நடுப்பகுதி வெறுமையாகக் கிடந்தது. சுற்றிலும் காடு, நடுவில் கறுத்த தரை. அங்கே பிழைத்திருந்தவை மூன்றே இனங்கள்: ஒரு புல், ஒரு பாசி, ஒரு லைக்கன் (கல்லிலும் மரப்பட்டையிலும் படரும் உயிர்). மண்ணில் ஆர்சனிக் அளவு, மிக மோசமான மாதிரியில், எடையில் 17 சதவீதத்தைத் தாண்டியது. கூடவே துத்தநாகம், ஈயம், செம்பு. சாதாரண மண்ணில் ஆர்சனிக்கைக் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் பேசுவார்கள்; இங்கே கிலோவுக்கு நூற்றெழுபது கிராமுக்கு மேல். அதை மண் என்று சொல்வதைவிடத் தாது என்று சொல்லிவிடலாம்.

மேட்டுநிலத்தில் நடந்த எதுவும் இங்கே நடக்கவில்லை. செடி இல்லை, ஆகவே சருகு இல்லை. பக்கத்துக் காட்டிலிருந்து சருகு வந்து விழுந்தாலும் அதை மட்க வைக்கும் உயிர்களுக்கு அந்தத் தரை நஞ்சு. புழு இல்லாமல் கலப்பு இல்லை. ஐந்து காரணிகளில் உயிர்கள் என்ற ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் மண்ணாக்கம் எப்படி நின்றுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது கடினம்.

பொது மக்கள் நுழையத் தடை வந்தது. அதோடு விஷயம் முடியவில்லை. 2015-ல் அதே வட்டாரத்தில், போருக்குப் பின் குண்டுகளைப் பிரித்து அழித்த வேறோர் இடம், பயிர் செய்துகொண்டிருந்த வயல்களுக்கு அடியிலேயே இருந்தது தெரியவந்தது. அந்த வயல்களின் விளைச்சலையும் அங்கே மேய்ந்த மாடுகளின் பாலையும் விற்க அதிகாரிகள் தடை போட்டார்கள். எரித்ததும் பிரித்ததும் எங்கே என்பது ஊராருக்கும் பத்திரப்பதிவுக்கும் தொடர்ந்து தெரிந்திருக்க வேண்டும். ஒரு தலைமுறைக்குள் அது மறந்துபோய், புல் முளைத்த இடத்தில் ஏர் போயிருக்கிறது.

மறுபடி செய்வதானால்

முதல் முடிவை, அதாவது நடுப்பகுதியை உழாமல் விட்டதை, நான் மாற்ற மாட்டேன். அது தவறான காரணக் கணக்கில் எடுத்த சரியான முடிவு. நிரவியிருந்தால் குழிகள் சேர்த்துவைத்த மண் இருந்திருக்காது, கல் சில்லு மேற்பரப்பு முழுக்கப் பரவியிருக்கும்.

மரங்களில் கொஞ்சம் மாற்றலாம். பைன் சரி. ஆனால் இத்தனை பரப்பில் பெரும்பாலும் ஊசியிலை என்பது அதிகம். இடையிடையே அகன்ற இலை மரங்களை விட்டிருந்தால் சருகு வேகமாக மட்கியிருக்கும். காட்டுக்கும் அது நல்லதாக இருந்திருக்கும்: 2018-க்குப் பின் கிழக்குப் பிரான்சில் வறட்சியும் பட்டைவண்டும் சேர்ந்து ஸ்ப்ரூஸ் மரங்களைக் கூட்டமாகச் சாய்த்தபோது இந்தக் காடும் தப்பவில்லை. செத்த மரத்தை எடுக்கக் கனரக இயந்திரம் வந்தால் குழியின் விளிம்பு சரியும், அடிமண் இறுகும். எந்த வழியில் இயந்திரம் போகலாம் என்று முன்பே குறிப்பது இன்றைய வேலை. 2013-ல் விமானத்திலிருந்து லேசர் கொண்டு எடுத்த நிலவடிவ வரைபடம் அதற்கு உதவும். மரங்களுக்கு அடியில் மறைந்திருந்த குழிகளும் பதுங்குகுழிகளும் அதில் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன.

மூன்றாவது முடிவில்தான் பெரிய மாற்றம் வேண்டும். 1928-ல் ஆர்சனிக்கை என்ன செய்வது என்பதற்கு நல்ல விடை அவர்களிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். சாம்பலைக் கூட்டி, கலத்தில் அடைத்து, இடத்தைப் பதிவு செய்வது அன்றைக்கும் முடிந்த காரியம்தான். திறந்த தரையில் எரித்துவிட்டுப் போனதால் எல்லாம் மண்ணோடு கலந்தது. சுத்தம் செய்வதென்றால் அந்த மண்ணையே தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, எங்கும் பொருந்தும் சின்ன வேலை: போர் ஓய்ந்த முதல் ஆண்டிலேயே சில இடங்களில் மண்ணை எடுத்து, இடம் குறித்து, உலர்த்திப் புட்டியில் போட்டு வைப்பது. குழியின் அடியில் ஒன்று, விளிம்பில் ஒன்று, குண்டு விழாத தரையில் ஒன்று. மூன்றையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுக்கக் கூடாது. வெர்டனில் கலந்திருந்தால் குழிக்குள் இருந்த கருமண்ணும் கண்ணில் பட்டிருக்காது.

ஸ்பாங்கூர் திடலில் பிழைத்த அந்தப் புல் வெல்வெட் போன்ற மென்மயிர் உள்ள ஒரு சாதாரண மேய்ச்சல் புல். ஐரோப்பாவில் சாலையோரத்தில்கூட முளைக்கும். ஆர்சனிக் அதிகமுள்ள பழைய சுரங்கக் குவியல்களிலும் அதே புல்லைப் பார்க்கலாம்.